ரிக்கார்டோ ஏன் மனம் மாறினார்? இயந்திரமும் கூலியும் மோதிய காலம்

[திரை இருட்டாக இருக்கிறது. கைத்தறியின் ஓசை மட்டும் கேட்கிறது. பிறகு இரண்டு எண்கள்: 2,400. 1,00,000.]

1813-இல் பிரிட்டன் முழுவதும் இருந்த விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400. இருபதே ஆண்டுகளில், 1833-இல், அவை ஏறத்தாழ ஒரு இலட்சமாகப் பெருகிவிட்டன. அந்த இருபது ஆண்டுகளில் கைத்தறியை நம்பிப் பிழைத்த பருத்தி நெசவாளர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் இருந்தார்கள்.

தொழிற்புரட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக நீராவி இயந்திரத்தில் தொடங்கி ரயிலில் முடிப்போம். உற்பத்தி பெருகியது, நாடு செழித்தது என்போம். அது பொய்யில்லை. ஆனால் "நாடு செழித்தது" என்பதும் "அந்த நெசவாளர் செழித்தார்" என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு காலத்தில் மிகப் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். அவர்களில் ஒருவர், தான் நம்பியது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். அவர் பெயர் டேவிட் ரிக்கார்டோ, பொருளாதார அறிஞர். அவருடைய மனமாற்றத்தைப் புரிந்துகொள்ள, முதலில் பருத்தி நூலில் தொடங்க வேண்டும்.

[திரை: நாடா ஒன்று தறியின் குறுக்கே பாய்கிறது.]

1733-இல் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நெசவாளர், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஒரு கையால் தள்ளி மறு கையால் வாங்க வேண்டும். இப்போது கயிற்றைச் சுண்டினால் போதும், நாடா தானே பாய்ந்துவிடும். நெசவு வேகம் பிடித்தது. உடனே வேறொரு சிக்கல் முளைத்தது: ஒரு தறிக்குத் தீனி போடப் பல ராட்டைகள் வேண்டியிருந்தன. வீட்டுப் பெண்கள் இரவு பகலாக நூற்றாலும் நூல் போதவில்லை.

அந்தப் பசிதான் அடுத்தடுத்த கண்டுபிடிப்புகளைப் பெற்றது. 1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே ஆள் பல நூற்புக் கதிர்களைச் சுழற்றும் ஜென்னி என்ற இயந்திரத்தைச் செய்தார். 1769-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையில் ஓடும் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1779-இல் சாமுவேல் குராம்ப்டன் இரண்டின் தன்மையையும் கலந்து மியூல் இயந்திரத்தை உருவாக்கினார். நூல் வெள்ளமாகப் பாய்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த இயந்திரங்கள் முதலில் கைத்தறி நெசவாளரை அழிக்கவில்லை, உயர்த்தின. நூல் மலிந்தது, துணிக்குத் தேவை ஏறியது, அதை நெய்ய ஆள் வேண்டும். 1790-களில் நெசவாளர் நல்ல கூலி பார்த்தார். செய்தி பரவியதும் வயல் வேலையை விட்டுவந்தவர்கள்கூடத் தறியில் உட்கார்ந்தார்கள். ஆட்கள் மிகுந்ததால், விசைத்தறி பெருகுவதற்கு முன்பே கூலி சரியத் தொடங்கிவிட்டது. பிறகு விசைத்தறி வந்து அந்தச் சரிவை அதலபாதாளம் வரை கொண்டுபோனது. ஒரே தொழில்நுட்ப அலை ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டு அடுத்த தலைமுறையைக் கீழே போட்டது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவர்களுக்கு இந்த வரலாறு ஒற்றைச் சொல்லில் பதில் தராது.

[திரை: டெர்வென்ட் ஆற்றங்கரை. ஐந்து அடுக்குக் கட்டடம். மணியோசை.]

1771-இல் டெர்பிஷயரின் குராம்ஃபோர்டில், டெர்வென்ட் பள்ளத்தாக்கில் ஆர்க்ரைட் தன் ஆலையைத் தொடங்கினார். அங்கே மாறியது கருவி மட்டுமன்று, நேரமும்தான். வீட்டில் நெய்தவர் திங்கட்கிழமை சோம்பியிருந்து வெள்ளிக்கிழமை விளக்கெரியும்வரை நெய்வார். அது அவர் விருப்பம். நீர்ச்சக்கரம் யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே எல்லோரும் ஒரே மணியோசைக்கு வந்தாக வேண்டும். பொருளை விற்றுப் பிழைத்த மனிதர் தன் நேரத்தை விற்றுப் பிழைப்பவராக மாறினார்.

ரயில் வந்தபோது இந்தக் கட்டுப்பாடு ஆலைச் சுவரைத் தாண்டி நாடு முழுவதும் பரவியது. அதுவரை ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டது. பிரிஸ்டலின் நண்பகல் லண்டனைவிட ஏறத்தாழ பத்து நிமிடம் பின்தங்கியது. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே லண்டன் நேரத்தை ஏற்றது. பிரிஸ்டல் தானியச் சந்தைக் கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் இருக்கின்றன, ஒன்று ஊர் நேரத்துக்கு, மற்றது லண்டன் நேரத்துக்கு. எனக்கு அந்த இரண்டு முட்களைவிடத் தெளிவாக அந்தக் காலத்தைக் காட்டும் படம் வேறு இல்லை.

[திரை: ஒரு குண்டூசி, மிக நெருக்கத்தில்.]

இனி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சிந்தனையாளர்களிடம் போவோம். 1776-இல் வெளிவந்த "நாடுகளின் செல்வம்" நூலில் ஆடம் ஸ்மித் குண்டூசிப் பட்டறை ஒன்றை விவரிக்கிறார். தொழில் தெரியாத ஒருவர் தனியாக முயன்றால் ஒரு நாளில் இருபது ஊசிகூடச் செய்ய முடியாது. வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்கிறார்கள். செல்வத்தின் ஊற்று வேலைப் பிரிவினையில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

இந்தப் பக்கம் புகழ்பெற்றது. அதே நூலின் பிற்பகுதியில் அவர் எழுதியதைப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒன்றிரண்டு எளிய அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்பவரின் அறிவு மழுங்கிப்போகும், அரசு தலையிட்டுக் கல்வி தராவிட்டால் உழைக்கும் மக்கள் அனைவருக்கும் இதுவே கதி என்று அவர் எச்சரித்தார். சந்தையின் தந்தை என்று கொண்டாடப்படுபவரிடமே இந்தக் கவலை இருந்தது.

ஆனால் ஸ்மித் கண்டது பட்டறைகளைத்தான். பேராலைகளின் காலம் அவருக்குப் பிறகு வந்தது. அதனுடன் கோபமும் வந்தது.

[திரை: இரவு. தீப்பந்தங்கள். சம்மட்டி அடிபடும் ஒலி.]

1811-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் காலுறை பின்னும் சட்டகங்களைத் தொழிலாளர்கள் இரவில் உடைக்கத் தொடங்கினார்கள். யார்க்ஷயருக்கும் லங்காஷயருக்கும் அது பரவியது. நெட் லட் என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் கடிதங்கள் வந்ததால் அவர்களுக்கு லட்டைட்டுகள் என்று பெயர். அறிவிலிகள், முன்னேற்றத்தின் பகைவர்கள் என்ற பொருளில் அந்தச் சொல் இன்றும் வழங்குகிறது. அது அநியாயம் என்றே சொல்வேன். நாட்டிங்ஹாம்ஷயரில் அவர்கள் எல்லாச் சட்டகங்களையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவர்கள், மட்டமான சரக்கைத் தயாரித்துத் தொழிலின் பெயரைக் கெடுத்தவர்கள் ஆகியோரின் சட்டகங்களைத் தேடிப்போய் உடைத்தார்கள். தொழிற்சங்கம் சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அவர்களுக்குப் பேச வேறு வழி அடைபட்டிருந்தது.

அரசு 1812-இல் இயந்திரத்தை உடைப்பதற்கு மரண தண்டனை விதித்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார், பயனில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் மூவர் மீது ஓர் ஆலை உரிமையாளரைக் கொன்ற வழக்கு இருந்தது.

[திரை: மேசை மீது விரித்த கணக்கேடு. இறகுப் பேனா.]

இந்தச் சூழலில்தான் ரிக்கார்டோ வருகிறார். பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டியவர். 1817-இல் அவருடைய பொருளாதார நூல் வெளிவந்தது, 1819-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். இயந்திரத்தால் உழைப்பின் தேவை குறையாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அவையிலேயே பேசினார். பொருள் மலியும், எல்லோருக்கும் பயன் சேரும், வேலை இழந்தவர் வேறு வேலைக்குப் போவார் என்பது அன்றைய படித்தவர்களின் பொதுக் கருத்து.

1821-இல் தன் நூலின் மூன்றாம் பதிப்பில் புதிதாக ஓர் இயலைச் சேர்த்தார். தலைப்பு: "இயந்திரங்களைப் பற்றி". தொடக்கத்திலேயே, இந்தப் பொருளில் என் கருத்து மாறிவிட்டது என்று சொல்லிவிடுகிறார். பிறகு ஒரு கணக்கைப் போடுகிறார். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம், அவசரப்படாமல்.

ஒரு முதலாளியிடம் 20,000 பவுண்டு இருக்கிறது. 7,000 கட்டடத்திலும் கருவிகளிலும் கிடக்கிறது. 13,000 ஆண்டுதோறும் கூலியாகப் போகிறது. தொழிலாளர்கள் ஆண்டுக்கு 15,000 மதிப்புள்ள உணவும் பண்டங்களும் விளைவிக்கிறார்கள். அதில் 13,000 மீண்டும் கூலிக்கு, 2,000 இலாபம்.

ஓர் ஆண்டு அவர் பாதி ஆட்களை இயந்திரம் கட்டும் வேலைக்கு மாற்றுகிறார். மற்றவர்கள் வழக்கம்போலப் பண்டம் செய்கிறார்கள். ஆண்டு முடிவில் 7,500 மதிப்புள்ள இயந்திரம் நிற்கிறது, 7,500 மதிப்புள்ள பண்டம் இருக்கிறது. முதலாளி தன் 2,000 இலாபத்தை எடுத்துக்கொள்கிறார். அவருக்கு ஒரு பென்னிகூட இழப்பில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக் கூலிக்கு மிஞ்சுவது 5,500 மட்டுமே.

[திரை: 13,000 என்ற எண் மெல்ல 5,500 ஆகச் சுருங்குகிறது.]

13,000 இருந்த இடத்தில் 5,500. முதலாளியின் வருமானம் அப்படியே இருக்கிறது, உழைப்பவர்களுக்கான நிதி பாதிக்கும் கீழே போய்விட்டது. யாரும் மோசடி செய்யவில்லை, யாரும் கொடியவரில்லை. கணக்கு மட்டும் அப்படி முடிகிறது. இயந்திரம் தங்கள் நலனுக்குக் கேடு என்று தொழிலாளர்கள் நினைப்பது தப்பெண்ணமோ பிழையோ அன்று, அது பொருளாதாரத்தின் சரியான கோட்பாடுகளோடு ஒத்துப்போகிறது என்ற முடிவுக்கு ரிக்கார்டோ வந்தார்.

இயந்திரத்தைத் தடைசெய்யச் சொன்னாரா? இல்லை. இங்கே தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும், நிலைமை இன்னும் மோசமாகும் என்றார். இயந்திரம் படிப்படியாக வந்தால், சேமிப்பு பெருகினால், இழந்த வேலைகள் திரும்பலாம் என்றும் சொன்னார். ஆனால் "தானாகச் சரியாகிவிடும்" என்ற பழைய உறுதியை அவர் எடுத்துவிட்டார்.

அவருடைய நண்பரும் பொருளாதார அறிஞருமான மெக்குலக் கொதித்துப்போனார். 1821 ஜூனில் அவர் எழுதிய கடிதத்தில், உங்கள் வாதம் சரியென்றால் லட்டைட்டுகளுக்கு எதிரான சட்டங்கள் நம் சட்டப் புத்தகத்துக்கே அவமானம் என்றார். கண்டனமாகத்தான் எழுதினார். எனக்கோ அது, அறியாமலே சொல்லப்பட்ட தீர்ப்பாகப் படுகிறது. ரிக்கார்டோ பின்வாங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் இறந்துவிட்டார்.

[திரை: மான்செஸ்டர். புகை. நெருக்கமான வீடுகள்.]

உண்மையில் என்ன நடந்தது? பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலனின் மதிப்பீட்டில், 1780 முதல் 1840 வரை பிரிட்டனில் ஒரு தொழிலாளரின் உற்பத்தி 46 விழுக்காடு உயர்ந்தது, உண்மைக் கூலி, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த கூலி, 12 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது. அறுபது ஆண்டுகள் என்பது அன்று ஒரு தொழிலாளரின் முழு ஆயுளைவிட நீளம். 1842-இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கையில், மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லாண்டில் அதே வர்க்கத்துக்கு 38. குழந்தை மரணங்கள்தான் அந்த எண்ணை இப்படி இழுத்தன. அந்த மான்செஸ்டரைப் பார்த்துத்தான் எங்கெல்ஸ் 1845-இல் "இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை" என்ற நூலை எழுதினார். மார்க்ஸ் தன் "மூலதனம்" நூலில் இயந்திரத்துக்கு நீண்ட இயல் ஒன்றை ஒதுக்கி, ரிக்கார்டோவின் நேர்மையைப் பாராட்டினார்.

இழப்பு பிரிட்டனுக்குள் மட்டும் நிற்கவில்லை. லங்காஷயர் ஆலைகள் தின்ற பஞ்சின் பெரும்பகுதி, 1860 வாக்கில், அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகள் பறித்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் பைராக்கின் மதிப்பீட்டின்படி உலகத் தொழில் உற்பத்தியில் இந்தியாவின் பங்கு 1750-இல் ஏறத்தாழ 25 விழுக்காடு, 1900-இல் 2 விழுக்காட்டுக்கும் கீழ். இதில் ஆலைத் துணியின் மலிவும் காலனி ஆட்சியின் கொள்கையும் பின்னிக் கிடக்கின்றன. இந்தியத் துணிகளுக்கு எதிராக 1700-லும் 1721-லும் தடைச் சட்டங்கள் இயற்றித் தன் தொழிலைக் காத்துக்கொண்ட பிரிட்டன், வளர்ந்த பிறகு மற்றவர்களுக்குத் தடையற்ற வணிகத்தைப் போதித்தது. ஏறியவர் ஏணியை உதைத்துத் தள்ளுகிறார் என்று 1841-இல் ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஃபிரீட்ரிக் லிஸ்ட் எழுதியது இதைத்தான்.

[திரை: நாடாளுமன்ற அறிக்கைகளின் அடுக்கு.]

பிரிட்டனில் மாற்றம் சட்டத்தின் வழியாகவும் போராட்டத்தின் வழியாகவும் வந்தது. 1833-இன் ஆலைச் சட்டம் பெரும்பாலான நெசவு ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கே பேர்! வேலை நேரத்தைக் குறைத்தால் இலாபமே போய்விடும், ஏனென்றால் அது கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது என்று 1837-இல் பொருளாதார அறிஞர் நாசோ சீனியர் வாதிட்டார். 1847-இல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. ஆலைகள் மூடப்படவில்லை, பருத்தித் தொழில் தொடர்ந்து வளர்ந்தது. கணக்கில் பிழை இருந்தால் அதற்கான விலையை யாரோ ஒரு குழந்தை கொடுக்கிறது என்பதால், இந்தச் சம்பவத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கூலி உண்மையிலேயே உயர்ந்தது. உணவு மலிந்தது, ரயிலும் இரும்பும் புதிய வேலைகளைத் தந்தன, 1871-இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. அதே ஆண்டில் பொருளாதார அறிஞர்கள் ஜெவன்சும் மெங்கரும் விலைக் கோட்பாட்டைத் திருப்பிப்போட்டார்கள். பொருளியலின் கவனம் வர்க்கங்களுக்கிடையிலான பங்கீட்டிலிருந்து, தனிமனிதரின் தேர்வுக்கு மெல்ல நகர்ந்தது.

[திரை: மீண்டும் கைத்தறி. ஓசை மெலிகிறது.]

அந்த உயர்வு வந்தபோது கைத்தறி நெசவாளர் எங்கே? குறைந்தபட்சக் கூலி கேட்டு 1830-களில் அவர்கள் நாடாளுமன்றத்தை நாடினார்கள். மசோதா தோற்றது. பிறகு அரசு ஆணையம் ஒன்று விசாரித்தது. அதன் உறுப்பினர்களில் ஒருவர், கடைசி ஒரு மணி நேரத்தைக் கணக்கிட்ட அதே சீனியர். 1841-இல் வந்த அறிக்கை நெசவாளர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தொழிலை விட்டு ஓடுங்கள், உங்கள் பிள்ளைகளை இதில் இறக்கிவிடாதீர்கள்.

1860-களின் தொடக்கத்தில் பருத்தியைக் கையால் நெய்தவர்கள் அங்கே சில ஆயிரம் பேரே மிஞ்சியிருந்தார்கள்.

[ஓசை நிற்கிறது.]