நட்சத்திரக் குறியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பல வருடமாக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால், "ஐயா, எந்த லேப்பில் மலிவு?" என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்பார்கள். "எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறது?" என்று கேட்பவர் அபூர்வம்.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அக்கா மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறார். ஜெர்மனியில் ஒரு கடைக்காரர் சரக்கு கேட்டார், அஃப்ளாடாக்சின் ரிப்போர்ட்டோடு. சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் நஞ்சு அது. கல்லீரலுக்கு ஆகாது, தாளித்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்த்தூளுக்கு வைத்திருக்கும் வரம்பு, எல்லா வகை அஃப்ளாடாக்சினும் சேர்த்து, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அக்கா ரிப்போர்ட் வாங்கி அனுப்பினார். கடைக்காரர் ஏற்கவில்லை.

அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மேலே 'சாம்' முத்திரை, அதாவது ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா என்ற அரசுத் துறை தரும் ஆய்வுக்கூட அங்கீகாரம், பளிச்சென்று இருந்தது. ஈரப்பதம், எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு, இந்த வரிகள் எல்லாம் சரி. அஃப்ளாடாக்சின் வரிக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாய் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில்: "இச்சோதனை அங்கீகாரத்துக்கு உட்பட்டதல்ல." லேப் பொய் சொல்லவில்லை. நாம்தான் அடிவரை வாசிப்பதில்லை!

அங்கீகாரம் கட்டடத்துக்குத் தருவதல்ல நேயர்களே; இன்ன பொருளில், இன்ன முறையில், இன்ன சோதனை என்று தனித்தனியாகத் தருவது. அந்த அட்டவணை துறையின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், முன்.

சரி, அங்கீகாரம் என்றால் என்ன நடக்கிறது? ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி வெளியாள் வந்து, சோதனை செய்பவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். தராசு கடைசியாக எப்போது அளவுதிருத்தம் ஆனது என்று கேட்பார். ஒரே பொருளின் மாதிரியைப் பல லேப்புகளுக்கு அனுப்பி, யார் விடை விலகி நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் செலவு உண்டு. மலிவு லேப் எதில் மிச்சம் பிடிக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குத் தரம் வேறு, ஐஎஸ்ஓ 15189.

அப்புறம், மாதிரி எடுப்பது பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: மூட்டையின் மேலாக ஒரு கரண்டி அள்ளிக் கொடுத்தால், ரிப்போர்ட் பேசுவது அந்தக் கரண்டியைப் பற்றி மட்டுமே. நன்றி, வணக்கம்.