முதலையை நம்பினால் முதலுக்கே மோசமா?

நடுவர் அவர்களுக்கும் எதிரணிக்கும் அவைக்கும் வணக்கம். மேற்கு ஆப்பிரிக்கக் கதைகளில் மனிதருக்கும் விலங்குக்கும் இடையே விஞ்சி நிற்பது நட்பா, துரோகமா? நாங்கள் நட்பு அணி.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு செனகல் கதையைச் சொல்லி, "முதலையை நம்பினால் முதலுக்கே மோசம்" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அவர் பாதியில் விட்டதைக் கேளுங்கள்.

தண்ணீரில்லாமல் தவித்த முதலையைப் பாயில் சுருட்டிக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறான் ஒரு பொடியன். (நம் பிள்ளைகளுக்குப் புதினாக் கட்டே கனம்!) கரையில் அவிழ்க்கப் போனால், "கால் மரத்துப்போச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் உள்ளே போயேன்" என்கிறது. முழங்கால் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் தம்பி." இடுப்பளவு. "இன்னும் கொஞ்சம்…" மார்பளவு. அவிழ்த்தான். கவ்வியது! அண்ணன் இங்கேதான் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்? "நல்லது செய்தவனுக்கு இதுவா கூலி?" என்று பையன் அழ, தண்ணீர் குடிக்க வந்த கிழட்டுப் பசுவிடம் நியாயம் கேட்கிறார்கள். பசு சொல்கிறது: "பால் கறந்தவரை தீனி போட்டார்கள். மடி வற்றியதும் விரட்டிவிட்டார்கள். கூலி இதுதான்." துரோகம் யார் செய்தது அண்ணே? அடுத்து வந்த கிழட்டுக் குதிரைக்கும் அதே புலம்பல். கடைசியில் வருகிறது முயல், செனகலின் வோலோஃப் மக்கள் லெயுக் என்று கூப்பிடுகிற கெட்டிக்காரன். "இத்தனை பெரிய முதலையை இவனா தூக்கினான்? நம்பவே மாட்டேன், தூக்கிக் காட்டு!" முதலைக்கு ரோஷம் வந்துவிட்டது. கரையேறியது, பாயில் படுத்தது, கட்டிக்கொள்ளச் சொன்னது. கட்டியாச்சு. இந்த முறை ஆற்றுக்கு அல்ல, அடுப்புக்கு! கவ்வியது விலங்கென்றால் காப்பாற்றியதும் விலங்குதானே? ஒரு முறை ஏமாந்த பையன் முயலை நம்பினானே!

முதலைதான் வேண்டுமா? கானாவின் வட எல்லையில் பாகா என்று ஓர் ஊர். உயிருக்குத் தவித்த முன்னோரை முதலைதான் காப்பாற்றியது என்பது அவர்கள் கதை. குளத்து முதலைகளை இன்றும் யாரும் கொல்வதில்லை. வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் குந்தி, முதுகைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் ஒரு கோழி கொடுத்தாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்திரம் அண்ணே, வட்டிதான் கோழி!

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். அதே கானாவில் போவாபெங், ஃபியெமா என்று இரண்டு ஊர்கள். குரங்குகள் தங்கள் தெய்வத்தின் பிள்ளைகள் என்று நம்புகிறவர்கள். நடுவில் சிலர் கொல்லத் தொடங்கியதும், 1975இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. எங்கள் வீட்டு நாய் செத்த அன்று நான் தேடியது ஒரு பழைய சாக்கை. அங்கே குரங்கு செத்தால் துணி சுற்றி, பெட்டியில் வைத்து, அதற்கென்றே இருக்கும் இடுகாட்டில் புதைக்கிறார்கள். பூசாரி இறந்தால் அவரையும் அங்கேதான், குரங்குகளுக்குப் பக்கத்தில்.

நன்றி, வணக்கம்.