வலியை யார் எண்ணினார்கள்?

தாய்மார்களே, சகோதரிகளே,

தும்மினால் சிறுநீர் கசிகிறது. இருமினால் கசிகிறது. பிள்ளையைத் தூக்கினால் உள்ளாடை நனைந்துவிடுகிறது. பிரசவம் பார்த்த உடம்பு, வயசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம்.

1990களின் நடுவில் சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் ஒரு வழி காட்டினார். சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலையாலான மெல்லிய நாடாவைத் தொட்டில்போல வைப்பது. அரை மணி நேர வேலைதான். அதுவரை வயிற்றைக் கிழித்து, மூத்திரப்பையின் கழுத்தைத் தையல் போட்டுத் தூக்கி நிறுத்திய பர்ச் என்ற அறுவைக்குப் பல நாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். பெண்கள் இதை விரும்பியதில் என்ன வியப்பு?

பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளில் முதன்முதலில் இதைச் செய்துகொண்ட 90 பெண்களை 17 ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனார்கள். பரிசோதிக்க முடிந்தவர்களில் 87 விழுக்காட்டினர் குணமானோம் அல்லது நன்றாகத் தேறினோம் என்றார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்த கைகளில், சில மருத்துவமனைகளில் மட்டும் சிகிச்சை பெற்றவர்கள்.

நாடு முழுக்கப் பரவியபோது என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் 95,057 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்கு வெளியானது. ஒன்பது ஆண்டுக்குள் 3.3 விழுக்காட்டினருக்கு வலையை முழுதாகவோ பகுதியாகவோ அகற்ற வேண்டியிருந்தது. அதாவது ஆயிரம் பேரில் 33 பேர். சின்ன எண்தான். ஆனால் அது அகற்றியவர்களின் எண்ணிக்கை மட்டும். தொடையிடுக்கில் தீராத வலியோடும், தாம்பத்தியத்தை இழந்தும், நாடாவை அப்படியே சுமந்து வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அகற்றுவதும் எளிதல்ல. வேலிக்காக மரத்தில் கட்டிய கம்பியைச் சில வருஷத்தில் மரமே விழுங்கிவிடும், பார்த்திருப்பீர்கள். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதும் அப்படித்தான். பிடிக்க வேண்டும் என்றுதானே வைத்தார்கள்!

அமெரிக்காவில் 2019இல் அரசு விற்பனையை நிறுத்தச் சொன்னது கர்ப்பப்பை, மூத்திரப்பை இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியே வைக்கும் பெரிய வலைகளை. கசிவுக்கான நாடாவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தோ 2018 ஜூலையில் நாடாவையும் சேர்த்தே நிறுத்திவைத்தது. அங்கே இதை விசாரித்த ஜூலியா கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான குழு 2020இல் தந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு மனம் கொதித்தது. வலிக்கிறது என்று சொன்ன பெண்களை நம்பவில்லை. எத்தனை பேருக்கு வலை வைத்தோம் என்ற முழுக் கணக்குக்கூட யாரிடமும் இல்லை!

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் மூன்று மாதமாவது, பயிற்றுநர் மேற்பார்வையில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்யுங்கள். அறுவைதான் என்றால், வலை இல்லாத வழி உண்டா என்று கேளுங்கள். பர்ச் முறை இன்றும் இருக்கிறது. நம் வயிற்றுத் தசையுறையிலிருந்தே பட்டை எடுத்துத் தாங்கலாகத் தைக்கும் முறையும் இருக்கிறது. ஏற்கெனவே நாடா வைத்தவர்கள், தொந்தரவு இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஆனால் எந்த வகை, எந்தத் தேதி, யார் வைத்தது என்ற விவரத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.