கவுண்டர் கோவெண்டர் ஆன கதை

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதாப்பா? மைக் கரகரங்குது, சரி பரவால்ல.

போன வருஷம் தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன்ல இருந்து ஒரு நண்பர் வந்திருந்தார், பேருக்குப் பின்னாடி கோவெண்டர்னு ஒட்டியிருக்கும். நமக்கு இனிஷியலோட வேலை முடிஞ்சுது, சர்நேம் கேட்டா அப்பா பேரை எழுதிட்டு வந்துடுவோம், அவங்களுக்கு அது நாலஞ்சு தலைமுறையா கூடவே வருது. கோவெண்டர்னா நம்ம கவுண்டர்தான். நேட்டால்ல, அதாவது டர்பன் இருக்கற அந்தப் பகுதியில, கிளார்க் காதுல விழுந்ததை எழுதிக்கிட்டான், முதலி கூட அங்க மூட்லி. பெருமாள், முனுசாமின்னு அப்பா பேரே சர்நேமா நின்னுபோன குடும்பமும் நிறைய.

இவர் என்ன பண்ணார், கவுண்டர்னா கொங்குதான்னு நெட்ல பாத்துட்டு நேரா ஈரோடு பக்கம் போய் நாலு நாள் கோயில் கோயிலா சுத்தியிருக்கார். அங்க ஒரு பெரியவர் "நீங்க எந்தக் கூட்டம்?"னு கேட்டிருக்கார், கொங்குல கூட்டம்னா குலம், டிரைவர் அதை மீட்டிங்னு மொழிபெயர்க்க, இவர் "மீட்டிங்குக்கு வரல, சும்மா பாக்க வந்தேன்"னு சொல்லியிருக்கார்!

அப்புறம்தான் கப்பல் லிஸ்ட்டுக்கு வந்தோம். 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து கிளம்பி நவம்பர்ல டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளா நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல என்ன தழும்பு, எல்லாம் இருக்கு. இவரோட கொள்ளுத் தாத்தா 1897ல போனவர். ஜில்லா வட ஆற்காடு, ஜாதின்னு போட்ட இடத்துல வன்னியா, இடது முழங்கால்ல தழும்பு. கோவெண்டர்ங்கிற வார்த்தையே அந்த வரியில இல்ல! வட ஆற்காடு பக்கம் வன்னியர்களும் கவுண்டர்னு போட்டுக்குவாங்க, அது நமக்குத் தெரியும், டர்பன்ல பொறந்தவருக்கு எப்படித் தெரியும்? சர்நேம் அவரை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு, நம்பர்தான் சரியான ஜில்லாவுக்குக் கொண்டாந்து விட்டுச்சு.

இன்னொரு விஷயம், அந்தத் தாத்தா போயர் சண்டையில, அதாவது தென்னாப்பிரிக்காவுல இங்கிலீஷ்காரங்களுக்கும் அங்க குடியேறின டச்சு வம்சத்து போயர்களுக்கும் நடந்த சண்டையில, ஒரு வெள்ளைக்கார ஜெனரலைத் தோள்ல தூக்கினார்னு வீட்ல கதை. நான் முதல்ல நம்பல, எல்லா வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். ஆனா 1899 டிசம்பர்லயும் அடுத்த ஜனவரியிலயும் காந்தி முன்ன நின்னு சேர்த்த இந்தியர் ஆம்புலன்ஸ் படையில ஏறக்குறைய 1,100 பேர் இருந்தாங்க, அதுல சுமார் 300 பேர்தான் ஒப்பந்தத்துல கட்டுப்படாத சுதந்திர இந்தியர்கள், மிச்சமெல்லாம் ஒப்பந்தக் கூலிகள். அடிபட்டவங்களை டோலியில வெச்சு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தாங்கன்னு காந்தியே எழுதியிருக்கார். ஸ்பியான் காப் மலையில அடிபட்ட ஜெனரல் உட்கேட்டையும் தூக்கினோம்ங்கிறார். அவ்வளவு தூரத்தை ஒரே ஆளுங்க தூக்கிட்டுப் போக முடியுமா, தோள் மாத்தி மாத்திதான் போயிருக்கணும், அதனால பத்து குடும்பம் "எங்க தாத்தாதான் தூக்கினார்"னு சொன்னாக்கூட பத்தும் உண்மையா இருக்கலாம். மெடல் கிடைச்சது படையோட தலைவர்களுக்கு. டோலி தூக்கின கூலிக்கு ஒண்ணுமில்ல, எனக்கு இதுல இன்னும் கோவம்தான்.

நண்பர் கிராமத்துக்குப் போனார், மாரியம்மன் கோயில்ல தேங்கா உடைச்சார், சொந்தம்னு சொல்லிக்க ஆள் கிடைக்கல. இப்ப டர்பன்ல அதே நம்பரை வெச்சுக்கிட்டு கரும்புத் தோட்டத்துப் பழைய பேப்பரைத் தேடிட்டிருக்கார். அஞ்சு வருஷ ஒப்பந்தம் இல்லையா, 1899ல தாத்தா தோட்டத்துலதான் இருந்திருக்கணும். அந்த டிசம்பர்ல அவருக்குக் கூலி போட்டாங்களா, இல்ல ஆள் இல்லன்னு எழுதியிருக்கான்னு பாக்கணுமாம்.