பழைய யூரோவிஷனில் உண்மையிலேயே பாடினார்களா, வாயசைத்தார்களா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "அண்ணா, பழைய யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்களே என்று நானும் ஒன்றிரண்டு பார்த்தேன். ஒருவர் வருகிறார், மைக் முன்னால் நிற்கிறார், பாடுகிறார், போய்விடுகிறார். இதில் அப்படி என்ன இருக்கிறது? அதோடு, அவர்கள் உண்மையிலேயே பாடினார்களா, ரெக்கார்டைப் போட்டுவிட்டு வாயசைத்தார்களா?"

தங்கை, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

உண்மையிலேயே பாடினார்கள். முக்கியமாக ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் பாட்டு அனுப்பி, மற்ற நாடுகளின் பாட்டுகளுக்குப் புள்ளி போடும் போட்டி இது; 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. அன்றிலிருந்து பாடகரின் குரல் நேரடியாகத்தான் வர வேண்டும். இன்றைக்கும் முன்னால் நின்று பாடுபவரின் குரல் அப்படித்தான். பழைய காலத்தில் குரல் மட்டுமல்ல, வாத்தியமும் நேரடி. போட்டியை நடத்தும் நாடு ஒரு பெரிய வாத்தியக் குழுவை உட்கார வைக்கும். ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு ஓர் இசை நடத்துனரை அனுப்பும். அவர் வந்து சபைக்குத் தலை குனிந்துவிட்டு, திரும்பிக் கையைத் தூக்குவார். 1973-இல் வாத்திய இசையை ஒலிநாடாவில் பதிந்து கொண்டுவரவும் அனுமதித்தார்கள். ஆனால் நாடாவில் கேட்கும் வாத்தியம் மேடையில் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு வேடிக்கையான நிபந்தனை போட்டார்கள். அதனால் சில வீடியோக்களில் கிட்டார்க்காரர் சும்மா கம்பியைத் தடவிக்கொண்டு நிற்பது உண்டு. நீங்கள் அதைப் பார்த்துத்தான் வாயசைப்பு என்று நினைத்திருப்பீர்கள் போலிருக்கிறது. வாத்தியக் குழு கடைசியாக உட்கார்ந்தது 1998-இல். அதற்கடுத்த வருடத்திலிருந்து இசை எல்லாமே நாடாதான்.

சரி, இதனால் என்ன ஆகிறது? பாடுகிறவருக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. ஒத்திகை பார்த்திருந்தாலும், அன்றைக்கு இரவு ஒரே ஒரு தடவைதான். தொண்டை அடைத்தாலும் அடைத்ததுதான். பின்னால் திரை இல்லை, தீப்பொறி இல்லை, முகத்தை மறைக்க ஒன்றும் இல்லை. கேமராவும் இப்போது போல அரை நொடிக்கு ஒருதடவை தாவாது. ஒரு முகத்தில் போய் உட்கார்ந்தால் அங்கேயே இருக்கும். முதல் வரியில் குரல் லேசாக நடுங்குவதும், இரண்டாவது சரணத்தில் அது நிலைக்கு வருவதும் அப்படியே தெரியும். நான் அதைப் பார்க்கத்தான் உட்காருகிறேன்.

எனக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1988. நான் சுவிட்சர்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். யாரோ வேண்டாம் என்று கொடுத்த தொலைக்காட்சி ஒன்று மூலையில் இருந்தது. ஏப்ரல் 30, சனிக்கிழமை இரவு. டப்ளினிலிருந்து ஒளிபரப்பு. யார் என்ன பாடுகிறார்கள் என்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்போது நாடுகள் தங்கள் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்தது, ஆகவே ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் பெரிய உதவி இல்லை. ஆனால் புள்ளிகள் வரத் தொடங்கியதும் ஆறு பேரும் சமையலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டோம்.

சுவிட்சர்லாந்துக்காகப் பாடியது இருபது வயதுப் பெண், கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தவர். செலின் டியான்தான். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக வாக்களிக்க யூகோஸ்லாவியா மட்டும் மிச்சம். பிரிட்டன் ஐந்து புள்ளி முன்னால் நிற்கிறது. யூகோஸ்லாவியா சுவிட்சர்லாந்துக்கு ஆறு கொடுத்தது. பிரிட்டனுக்கு ஒன்றுமே இல்லை. 137-க்கு 136, ஒரே ஒரு புள்ளி! கீழ்வீட்டிலிருந்து கத்தும் சத்தம் கேட்டது, நாங்களும் கத்தினோம். எங்களுக்கு இன்னும் வதிவிட அனுமதிகூடக் கிடைக்காத நாடு, அது வென்றதற்கு நாங்கள் ஏன் கத்தினோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஒரு இடைச்செருகல். புள்ளிகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இரண்டு தடவை சொல்வார்கள். நான் பிரெஞ்சில் எண்ணப் பழகியது அப்படித்தான். ஆனால் அந்தப் போட்டியில் ஒன்றிலிருந்து எட்டு வரை, பிறகு பத்து, பன்னிரண்டு, அவ்வளவுதான் கொடுப்பார்கள். ஆகவே ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் பிரெஞ்சில் என்ன என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

அப்புறம்தான் பின்னோக்கிப் போய்ப் பழையவற்றைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நேரடி என்றால் என்ன என்பதற்கு 1958 நல்ல சாட்சி. நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகரம். இத்தாலியின் டோமெனிக்கோ மொதுன்யோ முதல் ஆளாக வந்து பாடினார். பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஒளிபரப்புக் கோளாறினால் சில நாடுகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. எல்லோரும் பாடி முடித்த பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை பாட வைத்தார்கள். இரண்டு தடவை பாடியும் மூன்றாம் இடம்தான். அந்தப் பாட்டைத்தான் உலகம் 'வொலாரே' என்று அறிந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் முதல் முதலாக கிராமி விருது கொடுத்தபோது, ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த இசைத்தட்டு இரண்டும் அதற்கே. வீடியோவைப் பார்த்தால், 'பறக்கிறேன்' என்னும் இடத்தில் மனிதர் இரண்டு கையையும் அகல விரிக்கிறார். வேறு எந்த வித்தையும் இல்லை. அந்தக் காலத்தில் பாடகர்கள் பலரும் கையைக் கட்டாத குறையாக நிற்பார்கள், அவர்களுக்கு நடுவில் அந்த இரண்டு கை போதுமாக இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் பிராங்க்பர்ட்டில் இன்னொரு கூத்து. டென்மார்க்கின் ஜோடி ஒன்று பாடி முடித்துவிட்டு முத்தம் கொடுத்துக்கொண்டது. பத்து நொடிக்கு மேல் போயிற்று. நிறுத்தச் சொல்லிச் சைகை காட்ட வேண்டியவர் மறந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1957-இல், வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். அதே இரவில் இத்தாலிப் பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. மூன்று நிமிடக் கட்டுப்பாடு இறுகியது அதற்குப் பிறகுதான்.

1967-இல் வியன்னாவில் சாண்டி ஷா செருப்பில்லாமல் மேடையேறி பிரிட்டனுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தார். 1969-இல் மாட்ரிட்டில் நான்கு நாடுகள் தலா 18 புள்ளி எடுத்து நான்கும் வென்றன, ஏனென்றால் சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியில் எழுதவில்லை! இதைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன், விட்டுவிடுகிறேன்.

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது 1974. ஏப்ரல் 6, இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டன். இந்த வருடம் என்றாலே எல்லோரும் ஸ்வீடனின் அபா பாட்டுக்குழு என்பார்கள். எங்கள் ஆட்கள் 'அப்பா' என்றுதான் சொல்வார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டின் பெயர் நெப்போலியன் தோற்ற இடமான 'வாட்டர்லூ' என்பதற்காக ஸ்வீடனின் இசை நடத்துனர் ஸ்வென் ஒலோஃப் வால்டாஃப் நெப்போலியன் வேஷத்தில், தொப்பியெல்லாம் வைத்துக்கொண்டு வந்தார். சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. மொழி விதியைக் கொஞ்ச காலம் தளர்த்தியிருந்த சமயம் என்பதால் ஸ்வீடன்காரர்கள் ஆங்கிலத்தில் பாட முடிந்தது. 24 புள்ளியில் வெற்றி. பிரிட்டனின் நடுவர்கள் அவர்களுக்குக் கொடுத்த புள்ளி பூஜ்யம். பிறகு அதே பிரிட்டன் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது வேறு கதை.

ஆனால் அதே இரவில் போர்ச்சுகலுக்காக பாலோ டி கார்வாலோ என்பவர் பாடினார். பாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் 'விடைபெற்ற பின்'. காதல் முறிந்தவன் பாடும் பாட்டு, அதில் அரசியல் ஒரு சொட்டும் இல்லை. மூன்றே புள்ளி. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55-க்கு, லிஸ்பனில் ஒரு வானொலி அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. அது, 'தயாராகுங்கள்' என்று ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுத்த சைகை. மறுநாள் நாற்பது வருடத்துக்கு மேலான சர்வாதிகாரம் கவிழ்ந்தது. படைவீரர்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ஏன் இந்தப் பாட்டு? போட்டிக்குப் போய்வந்த சாதாரணக் காதல் பாட்டு, வானொலியில் வந்தால் தணிக்கைக்காரர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பிரைட்டன் வீடியோவைப் பாருங்கள். அவர் தொண்டையைத் திறந்து, கொஞ்சம் பயந்த முகத்தோடு பாடுகிறார். தான் பாடுவது பதினெட்டு நாளில் என்ன ஆகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நான் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை.

மற்றொன்று 1982, இங்கிலாந்தின் ஹாரோகேட். அந்த மாதம்தான் போக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்து, பிரிட்டன் கப்பல்களை அனுப்பியிருந்தது. பதினெட்டுப் பாட்டுகளில் கடைசியாக ஜெர்மனியின் நிக்கோல் வந்தார். பதினேழு வயது, வெள்ளைக் கிட்டார், ஒரு ஸ்டூல். 'கொஞ்சம் சமாதானம்' என்று கேட்கும் பாட்டு. இரண்டாம் உலகப் போரைக் கடந்த தலைமுறை உயிரோடு இருந்த காலம். ஜெர்மானியப் பெண் ஜெர்மன் மொழியில் சமாதானம் கேட்கிறாள். இஸ்ரேல் முழுப் பன்னிரண்டு புள்ளியையும் கொடுத்தது. 161 புள்ளி, இரண்டாம் இடத்தைவிட 61 அதிகம். ஜெர்மனிக்கு அதுதான் முதல் வெற்றி. வென்றவர் திரும்பப் பாடும்போது நிக்கோல் ஜெர்மனில் தொடங்கி, ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு என்று மொழி மாற்றிக்கொண்டே போனார். சபை கைதட்டத் தொடங்கியது. பாட்டைக் கொஞ்சம் சர்க்கரை அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தத் திரும்பப் பாடும் பகுதியைப் பார்க்கும் வரைக்கும்.

தோற்றவர்களிலும் எனக்கு ஓர் ஆள் உண்டு. நோர்வேயின் யான் டைகன், 1978, பாரிஸ். தோள்பட்டை வாரை இழுத்து விட்டு, காலை விரித்துக் குதித்து, ஒரு மாதிரி பாடினார். கிடைத்தது பூஜ்யம். பன்னிரண்டு புள்ளி முறை வந்த பிறகு பூஜ்யம் வாங்கிய முதல் ஆள். ஊருக்குப் போனால் அந்தப் பாட்டு பெரிய ஹிட். மனிதர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. 1982-லும் 1983-லும் திரும்ப வந்து பாடினார். பூஜ்யம் வாங்கிய இரவில்கூட, பாடும்போது அவர் முகத்தில் துளி சந்தேகம் கிடையாது.

கடைசியாக ஒன்று. 1964-ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கோபன்ஹேகனில் பதினாறு வயது ஜிலியோலா சின்குவெட்டி, 'எனக்கு இன்னும் வயது வரவில்லை' என்று பாடி இத்தாலிக்கு முதல் வெற்றி வாங்கிக்கொடுத்த இரவு. முழு நிகழ்ச்சியின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு இருக்கிறது, சில துண்டுகள் இருக்கின்றன. லுகானோவின் முதல் போட்டிக்கும் ஏறக்குறைய அதே கதிதான்: வென்ற லிஸ் அசியா இரண்டாம் முறை பாடியதைத்தான் படமாகப் பார்க்கலாம். நான் ஜிலியோலாவின் ஒலிப்பதிவை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், தங்கை, 1974-இல் தொடங்குங்கள். அபாவை எப்படியும் பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் போர்ச்சுகலைப் பார்த்துவிடுங்கள். வாயசைப்பா இல்லையா என்ற சந்தேகம் முதல் வரியிலேயே போய்விடும்.

சரி, அடுத்த கேள்வி. பழைய ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.