ஒரே ஓட்டுக்குள் இரண்டு கரு!

வணக்கம்! இன்றைக்குத் தீவனம் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த காணொளிக்குப் போகட்டும், இதைப் பாருங்கள் முதலில். கூட்டின் மூலையையே சீய்த்துக்கொண்டிருப்பாளே நம் விடைக்கோழி, அவள் இட்ட முட்டை இது. தராசில் வைக்கிறேன். 77... 78. எழுபத்தெட்டு கிராம்! எண் தெரிகிறதா? கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். நன்றாக வளர்ந்த கோழியின் முட்டையே 60 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இவளோ இப்போதுதான் முட்டைக்கு வந்தவள்!

கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. முட்டை நீண்டிருக்கிறது, நடுவில் விரலை ஓட்டினால் மெல்லிய வரம்பு ஒன்று தடுக்கிறது. உடைக்காமலே கண்டுபிடிக்க வேண்டும் என்று டார்ச்சை எடுத்தேன். வெள்ளை ஓடாக இருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். இது தவிட்டு நிறம், ஒளி லேசில் உள்ளே போகாது. திரையை இழுத்தேன், கதவிடுக்கில் துணி அடைத்தேன், அப்போதும் மங்கல்தான். டார்ச்சின் வாயைச் சுற்றி அட்டையைச் சுருட்டிக் கட்டி, ஒளி பக்கவாட்டில் சிதறாமல் செய்து, முட்டையை மெல்லத் திருப்பினேன். இரண்டு நிழல்கள், தனித்தனியாக நகர்ந்தன! உடைப்பதற்கு முன்பே "இரட்டைக் கரு" என்று சொன்னேன், பதிவில் இருக்கிறது. இதோ கிண்ணத்தில் பாருங்கள், இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. என்ன அழகு!

இதைப் பார்த்ததும் "ஊசி போட்ட கோழி" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சினைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கரு இறங்கி, வெள்ளைக் கரு சேர்ந்து, சவ்வு போர்த்தி, ஓடு கட்டி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. ஓடு கட்டுவதற்கு மட்டுமே சுமார் 20 மணி நேரம். வழக்கமாக அந்த முட்டை வெளியே வந்த பிறகுதான் அடுத்த கரு இறங்கும். புதிதாக முட்டையிடும் கோழிக்கு இந்த ஒழுங்கு படிய நாளாகும். இரண்டு கரு அடுத்தடுத்து இறங்கிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓடுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இதே காலத்தில்தான் கோலிக்குண்டு போல மஞ்சள் கருவே இல்லாத குட்டி முட்டையும் வரும். கருக்குழாய்க்குள் சிறு திசுத் துணுக்கு விழுந்தாலும் கோழியின் உடம்பு அதைக் கரு என்று எடுத்துக்கொண்டு ஓடு கட்டி அனுப்பிவிடும்.

பெரிய முட்டைதான் நல்ல முட்டை என்பதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெருக்கும், ஆனால் ஓட்டுக்குச் சேரும் சுண்ணாம்புச் சத்து அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதனால் ஓடு மெலிந்து, எடுக்கும்போதே விரிசல் விடும். இளங்கோழி முட்டையோ சின்னதாக இருந்தாலும் ஓடு கெட்டி. உடைத்தால் வெள்ளைக் கரு பரவாமல் திரண்டு நிற்கும். எனக்கு எப்போதும் அதுதான் பிடிக்கும்.

அடை வைக்கப் போகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, இரட்டைக் கரு முட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள். இரண்டு குஞ்சு வளர உள்ளே இடம் போதாது, பெரும்பாலும் பொரிக்காமலே போய்விடும். சரி, தீவனம் அடுத்த காணொளியில்.