பழைய பைக்குக்கு விலை குறைஞ்ச ஆயில்: கேனோட பின்பக்கத்தை எப்படிப் படிக்கிறது?

[காட்சி: பெட்ரோல் பங்க் கவுன்ட்டர். பின்னால் அடுக்கி வைத்த ஆயில் கேன்கள்.]

பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடின ஒரு ஸ்ப்ளெண்டர் இல்லன்னா பேஷன் வீட்டில நிக்குது. ஆயில் மாத்தணும். டிவி விளம்பரத்துல வர்ற கேன் ஒரு விலை. ஷோரூம்ல வண்டிக் கம்பெனி பேர் போட்ட கேன் ஒரு விலை. பங்க்கிலயே, அந்த பெட்ரோல் கம்பெனியோட சொந்த ஆயில் பெரும்பாலும் இது ரெண்டையும் ஒட்டியோ குறைவாவோ கிடைக்குது. மலிவானதைப் போட்டா என்ஜின் போயிடுமா?

போகாது. கேனோட பின்பக்கத்துல மூணு குறியீடு சரியா இருந்தா தைரியமா போடலாம். அந்த மூணும் இல்லாத ஆயிலை சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க.

[காட்சி: மூன்று கேன்கள் வரிசையாக.]

பங்க் ஆயில்னா இந்தியன் ஆயிலோட சர்வோ, பாரத் பெட்ரோலியத்தோட மேக், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தோட ஹெச்பி. இது மூணும் அரசு நிறுவனங்கள். ஆயிலுக்கு அடிப்படையான பேஸ் ஆயிலை இவங்க சுத்திகரிப்பு ஆலைகளே தயாரிக்குது. நம்ம மணலியில இருக்கிற சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆலையிலயும் பேஸ் ஆயில் எடுக்கிறாங்க, அது இந்தியன் ஆயில் குழுமத்தைச் சேர்ந்ததுதான். வண்டிக் கம்பெனி பேர்ல வர்ற ஆயிலை வண்டிக் கம்பெனியே காய்ச்சி எடுக்கிறதில்ல. ஏதாவது ஒரு ஆயில் நிறுவனம் அவங்க சொன்ன தரத்துக்குக் கலந்து குடுக்குது, இவங்க பேரை ஒட்டி விக்கிறாங்க. அதனால முன்பக்கத்துப் பேரை விடுங்க. கேனைத் திருப்புங்க.

[காட்சி: கேனின் பின்பக்கம், ஜாசோ கட்டம் பெரிதாக.]

முதல்ல பார்க்க வேண்டியது ஜாசோ (JASO), அதாவது ஜப்பான் வாகனத் துறை வகுத்த தரக் குறி. கியர் பைக்குக்கு இதுதான் ரொம்ப முக்கியம். நிறைய பேர் இதைத்தான் பார்க்காம விடுறாங்க.

கார்ல என்ஜின் ஆயில் என்ஜினுக்கு மட்டும்தான். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் வெளியில உலர்ந்து இருக்கும். பைக்ல ஒரே ஆயில்தான் பிஸ்டனையும் கேமையும் (வால்வைத் திறக்கிற பாகம்) பார்த்துக்கணும், கியர் பற்களையும் பார்த்துக்கணும், கிளட்ச் பிளேட்டையும் நனைச்சு வைக்கணும். கார் ஆயில்ல மைலேஜ் கூடறதுக்காக உராய்வைக் குறைக்கிற பொருள் சேர்ப்பாங்க. கிளட்ச் பிளேட்டோ உராய்வாலதான் வேலையே செய்யுது. அந்தப் பொருள் பிளேட்டுல ஏறினா கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஆக்சிலேட்டர் திருகினா சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முதல்ல மேம்பாலம் ஏறும்போது, பின்னாடி ஆள் இருக்கும்போதுதான் தெரியும். அப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா பிளேட் சூடாகி வழவழன்னு ஆயிடும். அதுக்கப்புறம் நல்ல ஆயில் ஊத்தினாலும் பல நேரம் சரியாகாது, பிளேட் செட்டை மாத்தணும்.

அதனால கேன்ல ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். எம்ஏ2 கிளட்ச்சை இன்னும் இறுக்கமாப் பிடிக்கும். 100 சிசி வண்டிக்கு எம்ஏ போதும். ஜாசோ எம்பின்னு இருந்தா அது ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. வீட்டில ஸ்கூட்டரும் பைக்கும் இருக்கிறவங்க ஒரே கேனை ரெண்டுக்கும் ஊத்துறப்போ இங்கதான் தப்பு நடக்குது. எம்ஏ ஆயில் ஸ்கூட்டருக்குப் போனா பெரிய சேதம் இல்ல. எம்பி ஆயில் கியர் பைக்குக்குப் போகவே கூடாது.

ஜாசோ குறி எப்படி அச்சாகியிருக்குன்னும் பாருங்க. பதிவு எண்ணோட சின்னக் கட்டமா இருந்தா, அந்த ஆயில் ஜாசோ பட்டியல்ல பதிவானது. வெறும் வரியில "எம்ஏ தரத்துக்கு ஏற்றது"ன்னு இருந்தா அது ஆயில் கம்பெனி தானா குடுக்கிற வாக்கு. பேர் தெரிஞ்ச கம்பெனின்னா நம்பலாம். கேள்விப்படாத பேர்னா விட்டுடுங்க.

[காட்சி: திரையில் எழுத்துகள்: எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி.]

அடுத்தது ஏபிஐ (API), அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு குடுக்கிற தரக் குறி. பெட்ரோல் என்ஜினுக்கு எஸ்ல ஆரம்பிக்கும். ரெண்டாவது எழுத்து பின்னால போகப் போக தரம் புதுசு. எஸ்ஜே 1996ல வந்தது, எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. புதுசு பழசோட இடத்துல போகலாம், பழசு புதுசோட இடத்துல போகக் கூடாது. ஹீரோ தன்னோட பழைய 100 சிசி வண்டிகளுக்குச் சொன்னது 10டபிள்யூ-30 (இது கெட்டித்தன்மை, பின்னால பார்ப்போம்), ஏபிஐ எஸ்ஜே, ஜாசோ எம்ஏ. பங்க்ல கிடைக்கிற சாதாரண 4டி (4 ஸ்ட்ரோக் என்ஜினுக்கான) ஆயில்கள்ல இந்தத் தரத்தைத் தொட்டதும் தாண்டினதும் தாராளமா இருக்கு. பழைய வண்டிக்கு எஸ்பி வேணும்னு தேடி அலைய வேண்டாம். ஆனா கேன்ல எஸ்எஃப், எஸ்ஜின்னு மட்டும் இருந்தா வாங்காதீங்க. எஸ்எஃப் 1980கள்ல ஓடின வண்டிகளுக்கான தரம், அதை ஏபிஐ எப்பவோ கைவிட்டாச்சு.

சில மெக்கானிக்குகள் லாரிக்கு ஊத்துற 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை பைக்கிலயும் ஊத்துவாங்க. அதுல சிஎச்-4, சிஐ-4ன்னு 'சி' எழுத்துல ஆரம்பிக்கிற குறி இருக்கும். ஊத்தின உடனே என்ஜின் கெட்டுப்போகாது, அதனாலதான் பழக்கமாவே ஆயிடுச்சு. ஆனா பைக் கிளட்ச்சுக்கு அது சோதிக்கப்பட்டதில்ல. எம்ஏ போட்ட 4டி ஆயில் இவ்வளவு சுலபமா கிடைக்கும்போது அந்த ரிஸ்க் எதுக்கு?

இன்னொண்ணு. 2டி ஆயில் வேற, 4டி ஆயில் வேற. 2டி 2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கு, பெட்ரோலோட கலந்து எரிஞ்சு போறதுக்கு. டிவிஎஸ் எக்ஸ்எல் வெச்சிருக்கிறவங்க இதுல கவனமா இருக்கணும். பழைய எக்ஸ்எல் ஹெவி டியூட்டி 2 ஸ்ட்ரோக், 2015ல வந்த எக்ஸ்எல் 100 4 ஸ்ட்ரோக். பழைய ஞாபகத்துல எக்ஸ்எல் 100 டேங்க்ல 2டி கலக்கிறது, என்ஜின்ல 2டி ஊத்துறது ரெண்டும் தப்பு.

[காட்சி: இரண்டு கண்ணாடி டம்ளரில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றுவது.]

மூணாவது கிரேடு, அதாவது கெட்டித்தன்மை. டபிள்யூவுக்கு முன்னால இருக்கிற எண் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லுது. பின்னால இருக்கிறது 100 டிகிரி செல்சியஸ்ல எவ்வளவு கெட்டின்னு சொல்லுது. 30 கிரேடுன்னா அந்தச் சூட்டுல 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கிற அலகு), 40 கிரேடுன்னா 12.5 முதல் 16.3.

பழைய வண்டிக்காரங்க அதிகமா கேக்கிற கேள்வி இதுலதான் வருது: "என்ஜின் தேஞ்சுபோச்சு, கெட்டி ஆயில் ஊத்தலாமா?" 10டபிள்யூ-30 சொன்ன வண்டியில ஆயில் குறையுது, டேப்பட் (வால்வ் இடைவெளி) சரி பண்ணியும் சத்தம் இருக்குன்னா ஒரு படி மேல, 20டபிள்யூ-40 போடலாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்கும். ஆயில் குறையறது கொஞ்சம் மட்டுப்படும், மைலேஜ் கொஞ்சம் அடிபடும். ஊட்டி, கொடைக்கானல்ல காலைக் குளிர்ல ஸ்டார்ட் பண்றவங்க 10டபிள்யூ-30லயே இருங்க. 100 சிசி வண்டிக்கு 20டபிள்யூ-50 வேண்டாம். ஸ்டார்ட் ஆன உடனே மேல கேம் வரைக்கும் ஆயில் ஏற நேரம் எடுக்கும், அந்த நொடிகள்லதான் தேய்மானம் அதிகம். 20டபிள்யூ-50 பஜாஜ் தன் பல்சர் மாதிரி வண்டிகளுக்குச் சொன்ன கிரேடு, அது அந்த என்ஜினுக்குச் சரி.

கெட்டி ஆயில் நோயைக் குணப்படுத்தாது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு தடவை நீலப் புகை வந்து நின்னா வால்வ் சீல் போயிருக்கும், அதை மாத்துற செலவு கம்மிதான். ஆக்சிலேட்டர் குடுக்கும்போதெல்லாம் புகை வந்தா பிஸ்டன் ரிங், சிலிண்டரோட உள்சுவர் (போர்) தேய்ஞ்சிருக்கு. புகையை நிறுத்தும்னு விக்கிற பாட்டில்கள் பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்குற திரவம்தான். அந்தக் காசை ரிங் வேலைக்குச் சேர்த்து வைங்க.

சிந்தெடிக், அதாவது ரசாயன முறையில செஞ்ச ஆயில் தேவையா? 100 சிசி பழைய என்ஜினுக்கு மினரல் ஆயிலே (கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு எடுக்கிறது) போதும். முழு சிந்தெடிக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை. புகை வர்ற, ஆயில் குடிக்கிற வண்டியில அது வேகமா எரிஞ்சுதான் போகும். மினரல் வாங்கி, 2,500 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாம மாத்துங்க. கியர் பற்கள், கெட்டித்தன்மைக்காக ஆயில்ல சேர்த்த பாலிமரை நசுக்கி நசுக்கி ஆயிலோட கெட்டித்தன்மையைக் குறைச்சுடும். கார்ல இருந்து வந்தவங்க 10,000 கிலோமீட்டர்னு கணக்குப் போட்டா பைக்குக்கு அது ஆகாது.

[காட்சி: ஆயில் பேரல், பக்கத்தில் அளவு குவளை.]

லூஸ் ஆயில் வேண்டாம். பேரல்ல இருந்து அளந்து ஊத்துற ஆயில்ல என்ன கிரேடு, எப்போ வந்ததுன்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்ல. கழிவு ஆயிலை வெறுமனே வடிகட்டி, நிறம் மாத்தி விக்கிறதும் நடக்குது. நிறத்தை வெச்சும் நம்பாதீங்க, சிவப்பும் பச்சையும் சாயம்தான். ஊத்தின ஆயில் சில நூறு கிலோமீட்டர்ல கறுத்துட்டா அது மட்டமான ஆயில்னு அர்த்தமில்ல. உள்ள இருக்கிற கசடைத் தூக்குற வேலையை அது செய்யுது.

போலி கேன் பெரும்பாலும் நல்ல கம்பெனியோட காலி கேன்ல வருது. மூடியோட வளையம் உடையாம இருக்கணும். உள்ள அலுமினியத் தாள் சீல் ஒட்டியிருக்கணும். பேட்ச் எண், தயாரிப்பு மாசம், எம்ஆர்பி எல்லாம் அழியாம தெளிவா இருக்கணும். உங்க கண்ணு முன்னாடி கேனை உடைக்கச் சொல்லுங்க. ஊத்தி முடிச்சதும் காலி கேனை வாங்கி, கத்தியால ஒரு கீறல் போட்டுட்டுக் குடுங்க.

[காட்சி: வண்டி சென்டர் ஸ்டாண்டில், கீழே தட்டு.]

இனி மாத்துற முறை. வண்டியைச் சமதளத்துல சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. மூணு நாலு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க, ஆயில் இளகினா கசடோட சேர்ந்து இறங்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில அடியில இருக்கிற டிரெயின் போல்ட்டுக்கு 17 நம்பர் ஸ்பேனர். மேல டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) கழட்டுங்க, அப்புறம் போல்ட்டை எடுங்க. பத்து நிமிஷம் வடியவிடுங்க. சாவியை ஆஃப்ல வெச்சு நாலஞ்சு தடவை கிக்கர் மிதிச்சா மிச்சம் இறங்கும். வடிஞ்ச ஆயிலை விரல்ல தேய்ச்சுப் பாருங்க. வெளிச்சத்துல மின்னுற தூள் இருந்தா மெக்கானிக்கிட்ட காட்டணும். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு.

போல்ட்டை அழுத்தி முறுக்காதீங்க. என்ஜினோட வெளிக்கூடு அலுமினியம், மரை போயிடும். வாஷர் நசுங்கியிருந்தா புதுசு போடுங்க. கையால முழுசா ஏத்திட்டு, சின்ன ஸ்பேனரால இறுக்கினா போதும்.

முழு கேனையும் கவுத்துடாதீங்க. வண்டிப் புத்தகத்துல ரெண்டு அளவு இருக்கும்: ஆயில் மட்டும் மாத்தும்போது ஒண்ணு, என்ஜினைப் பிரிச்சுச் சேர்க்கும்போது ஒண்ணு. நமக்கு முதல் அளவு, அது குறைவா இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கம்மியா ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, அணைச்சு, இன்னொரு ரெண்டு மூணு நிமிஷம் காத்திருங்க. டிப்ஸ்டிக்கைத் துடைச்சு, மரையில திருகாம சும்மா வெச்சு எடுத்துப் பாருங்க. திருகிப் பார்த்தா இருக்கிறதைவிட அதிகமாக் காட்டி ஏமாத்தும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவுல, மேல்கோட்டை ஒட்டி நின்னா சரி. மேல்கோட்டைத் தாண்டினா பிரீதர் (என்ஜின் உள்காத்து வெளியேறுற குழாய்) வழியா ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போகும்.

ஸ்ப்ளெண்டர்ல கார் மாதிரி கழட்டி மாத்துற பேப்பர் ஃபில்டர் கிடையாது. வலதுபக்க கவருக்குள்ள கம்பி வலையும் சுழல்ற ஃபில்டரும் இருக்கு. பழைய வண்டியில இதை வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. அடுத்த தடவை கிளட்ச் கவரைக் கழட்டும்போது ரெண்டையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, கவருக்குப் புது கேஸ்கட் போடணும்.

வடிச்ச ஆயிலைச் சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. பழைய கேன்ல பிடிச்சு, கழிவு ஆயில் சேகரிக்கிற சர்வீஸ் சென்டர்ல குடுங்க. புது ஆயில் ஊத்தின பிறகு 500 கிலோமீட்டர்ல ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்க. பழைய வண்டியில ஆயில் குறைஞ்சு கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தா, அதே கிரேடுல 100 மில்லி 100 மில்லியா சேர்த்து மேல கொண்டுவாங்க.